துணை ஆட்சிமொழியா, இணை ஆட்சிமொழியா?

ஐயா, வணக்கம்.

கோ-அஃபீஷியல் லாங்குவேஜுக்கு, அதாவது ஓரிடத்தில் இன்னொரு மொழியோடு சேர்ந்து ஆட்சிமொழியாக இருக்கும் மொழிக்கு, தமிழில் நீங்கள் தந்த ‘துணை ஆட்சிமொழி’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்துப் பெயர்ப்பலகைகளை ஒருமுறை பாருங்கள். இயக்குநருக்குக் கீழே கூடுதல், இணை, துணை, உதவி என்று வரிசையாக இறங்கும். டெபுடி என்றாலே ‘துணை’ என்று நம் அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. கனடாவின் 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் சம தகுதி தந்தது. அதில் எதைத் துணை என்பது?

அதே வரிசையில் ‘இணை’யும் ஒரு படி கீழேதானே என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் பதவிப் பெயருக்கு வெளியே, ‘இணையான’ என்றால் சமம் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். ‘துணை’க்கு அந்த வசதி இல்லை. அதனால் சம தகுதி உள்ள இடத்தில் ‘இணை ஆட்சிமொழி’ என்பது என் கட்சி.

நம் ஒன்றிய அரசில் ஆங்கிலத்தின் நிலை வேறு. அரசியலமைப்பு கொடுத்த 15 ஆண்டுக் கெடு 1965 ஜனவரியில் முடிந்த பிறகும், இந்தியோடு கூடுதலாக ஆங்கிலம் தொடரலாம் என்றது 1963 சட்டம். அங்கே ‘கூடுதல் ஆட்சிமொழி’ பொருந்தும். பீகாரிலும் தெலங்கானாவிலும் உருது ‘இரண்டாவது ஆட்சிமொழி’. அதை நாம் மாற்றக் கூடாது. அந்த வரிசை எண்ணைப் போட்டது அந்தந்த மாநிலம்.

‘ஆட்சிமொழி’ என்ற அடிச்சொல்லையும் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி ஆக்கலாம் என்ற யோசனைக்கு நான் உடன்படவில்லை. இலங்கையில் ‘அரசகரும மொழி’, சிங்கப்பூரில் ‘அதிகாரத்துவ மொழி’ என்கிறார்கள். பின்னது சென்னைக்காரன் காதில் கொஞ்சம் மிரட்டலாக விழுகிறது, உண்மைதான். இருந்தாலும் 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்து, 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியான கதையை எழுதும்போது, அந்த மக்கள் சொல்லும் சொல்லே இருக்கட்டும்.

இனி மீதி இருப்பது டார்ஜிலிங். மேற்கு வங்கத்தின் 1961 சட்டம் அந்த மாவட்டத்தில் அன்றிருந்த மலைப்பகுதி உட்கோட்டங்கள் மூன்றில் மட்டும் வங்காளத்தோடு நேபாளியையும் ஆட்சிமொழி ஆக்கியது. ‘பகுதி ஆட்சிமொழி’ என்றால் அரைகுறை என்று படும். ‘வட்டார’ என்று போட்டால் வட்டார வழக்கு நினைவுக்கு வந்து, நேபாளியை ஏதோ கிளைமொழி என்று நினைத்துவிடுவார்கள். சரி, யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.