ஆக்கிரமிப்பு கால ரேஷன் கூப்பன் சேகரிப்பு: எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

பழங்காகிதம்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய நோட்டு, ஸ்டாம்ப் எல்லாம் கொஞ்ச வருஷமா சேர்த்துட்டு வரேன், இப்ப மனசு முழுக்க இரண்டாம் உலகப்போர் ரேஷன் கூப்பன் பக்கம் போயிடுச்சு. பொதுவா எல்லா ரேஷன் கார்டும் இல்ல, வேற நாட்டு ராணுவம் உள்ள வந்து உக்காந்துகிட்டு இருந்த இடத்துல ஜனங்களுக்குக் கொடுத்த கார்டுதான் வேணும், ஏன்னா அரிசி ரொட்டி எவ்வளவுன்னு முடிவு பண்றவன் கையிலதான் அந்த ஊரே இருந்துச்சு, அது ஒரு துண்டுப் பேப்பர்ல அப்படியே தெரியுது. ஏல சைட்டுல ஹாலந்து கூப்பன் ஷீட் நிறைய வருது, பிரான்ஸும் வருது, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல கடல்ல இருக்கிற சேனல் தீவுகள் எப்பவாச்சும்தான். எதுல ஆரம்பிச்சா நல்லது? வெட்டாத முழு ஷீட் வாங்கணுமா, பாதி வெட்டினது வாங்கலாமா? போலி எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாங்கினதை எப்படி வைக்கிறதுன்னும் யாராச்சும் சொல்லுங்க.

நோட்டுப்பெட்டி:
வாங்க நண்பரே. என்னைக் கேட்டா ஹாலந்துலதான் ஆரம்பிக்கணும். மலிவா கிடைக்கும்ங்கறது ஒரு காரணம், அதைவிட அந்த சிஸ்டத்தோட கதை பேப்பர்லயே படிக்கக் கிடைக்கும். அங்க ரேஷன் ஜெர்மன்காரன் கொண்டு வந்தது இல்லைங்க, 1939 அக்டோபர்லயே டச்சு அரசாங்கம் சர்க்கரைல ஆரம்பிச்சிடுச்சு, குடும்பத்துல ஆளுக்கு ஒரு ஸ்டாம்கார்ட்னு மூல அட்டையும் கொடுத்துட்டாங்க. 1940 மே மாசம் ஜெர்மன் ராணுவம் வந்தப்போ ரெடிமேடா ஒரு சிஸ்டம் கையில கிடைச்சுது, அதையே எடுத்து நடத்தினாங்க. ஷீட்டைப் பார்த்தீங்கன்னா நிறைய கூப்பன்ல வெறும் நம்பரும் எழுத்தும்தான் இருக்கும், இந்த வாரம் இந்த நம்பருக்கு இவ்வளவு கிராம் இன்னதுன்னு பேப்பர்ல அறிவிப்பு வரும். அதனால முடிஞ்சா அந்தக் காலத்து செய்தித்தாள் அறிவிப்பையும் சேர்த்து வாங்குங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சாதான் கூப்பன் பேசும்.

1943 கடைசியில ரெண்டாவது ஸ்டாம்கார்ட்னு ஒண்ணு வந்துச்சு, இது முக்கியம். ஒளிஞ்சு வாழ்றவங்களைப் பட்டினி போட்டுப் பிடிக்கிறதுக்குன்னே கொண்டு வந்தது. அடையாள அட்டையோட நேர்ல போனாதான் புது கார்டு, அடையாள அட்டையில ஒரு சின்ன சீலும் ஒட்டுவாங்க. ஒளிஞ்சிருக்கிற யூதரோ, ஜெர்மனிக்கு வேலைக்குப் போக மறுத்து ஓடின பையனோ எப்படிங்க நேர்ல போவான்? அதான் எதிர்ப்பு இயக்கத்து ஆளுங்க ரேஷன் ஆபீஸையே தாக்கிக் கூப்பனை அள்ளிட்டுப் போய் அவங்களுக்குக் கொடுத்தாங்க, 1944 ஜனவரில டில்பர்க் ஊர்ல மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல சீல் எடுத்தாங்க. இந்த ரெண்டாவது கார்டு ஒண்ணு உங்க கலெக்‌ஷன்ல இருந்தே ஆகணும்.

வெட்டினதா முழுசாங்கற கேள்விக்கு என் கட்சி வெட்டினதுதான். ஸ்டாம்ப் சேர்க்கிறவங்க புத்தம்புது ஷீட்டைத் தேடுவாங்க, ஆனா கூப்பன்ங்கறது வெட்டிக் கொடுத்து சாப்பாடு வாங்குறதுக்குன்னு செஞ்சது, கத்திரி பட்டு பாதி போயி மீதி நிக்கிற ஷீட்டுல ஒரு வீட்டோட வாரக்கணக்கு இருக்கு. முழு ஷீட்டா நிறைய மிஞ்சி இருந்தா ஏன் மிஞ்சிச்சுன்னு கேளுங்க. 1944 செப்டம்பர்ல டச்சு ரயில்வே வேலைநிறுத்தம், அதுக்குப் பதிலடியா ஜெர்மன்காரங்க உணவு வரத்தைத் தடுத்தாங்க, குளிரும் சேர்ந்து மேற்கு ஹாலந்துல பஞ்சம். 1945 பிப்ரவரி கடைசியில ஆம்ஸ்டர்டாம்ல ஒரு ஆளுக்கு ரேஷன் ஒரு நாளைக்கு 580 கலோரி வாக்குல வந்து நின்னுச்சு, டூலிப் கிழங்கை வேகவச்சு சாப்பிட்டாங்க. கையில கூப்பன் இருந்தும் கடையில பொருள் இல்லாத காலம் அது.

ஈயஎழுத்து:
போலி பத்தி நான் சொல்றேன். முதல்ல ரெண்டு வகை போலியைப் பிரிச்சுக்கணும். அந்தக் காலத்துலயே எதிர்ப்பு இயக்கமும் கள்ளச்சந்தைக்காரனும் அடிச்ச போலி கூப்பன் இருக்கு, அதுவும் சரித்திரம்தான், உண்மையானதுன்னு நிரூபிக்க முடிஞ்சா தாராளமா வாங்கலாம். இன்னொண்ணு இப்ப அடிக்கிறது, மியூசியம் கடையில விக்கிற நகலை அழுக்காக்கி ஒரிஜினல்னு தள்ளிவிடுறது, அதுலதான் ஜாக்கிரதையா இருக்கணும். பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, எழுத்தோட ஓரத்துல பல கலர் குட்டிப்புள்ளியா தெரிஞ்சா அது இப்பத்திய பிரின்டர் வேலை. யூவி (புற ஊதா) டார்ச்சும் வேணும், பேப்பரை வெளுப்பாக் காட்டுற கெமிக்கல் 1950 வாக்குலதான் பரவலா புழக்கத்துக்கு வந்துச்சு, அதனால டார்ச் அடிச்சதும் பளிச்னு நீலமா ஒளிர்ந்தா போர்க்கால பேப்பரா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஒளிரலைன்னா உடனே ஒரிஜினல்னு நம்பிடாதீங்க, பழைய நோட்புக்ல வெத்துப் பக்கத்தைக் கிழிச்சு அடிக்கிறவனும் இருக்கான்.

பிரான்ஸ் வாங்கினா கார்டுல இருக்கிற வகை எழுத்தைப் பாருங்க. மூணு வயசுக்குள்ள குழந்தைக்கு ஈ, அப்புறம் ஜே1, ஜே2, ஜே3ன்னு வயசு ஏறும், பெரியவங்களுக்கு ஏ, கடின உழைப்புக்கு டி (T), விவசாயிக்கு சி, எழுபது தாண்டினவங்களுக்கு வி. பிறந்த வருஷத்துக்கும் எழுத்துக்கும் பொருந்தலைன்னா கேள்வி கேளுங்க. தேதியையும் கவனிக்கணும், ஏன்னா பிரான்ஸ்ல ரொட்டி ரேஷன் 1949 வரைக்கும் ஓடுச்சு, 1947 கார்டை ஆக்கிரமிப்பு கால கார்டுன்னு விக்கிறாங்க, உங்க தலைப்புக்கு அது சேராது.

வைக்கிற விஷயம்: பாலியெஸ்டர் கவர்ல வைங்க, பிவிசி வேண்டவே வேண்டாம், அதுலேருந்து வர்ற ஆவி பேப்பரைக் கெடுக்கும். லேமினேஷன், செல்லோ டேப் ரெண்டுமே கூடாது. துருப்பிடிச்ச குண்டூசி, ஸ்டேப்பிள் இருந்தா பொறுமையா எடுத்துடுங்க, போர்க்கால பேப்பர்ல அமிலம் அதிகம், தானாவே நொறுங்கும். வெளிச்சம், ஈரம் படாம படுக்கை வசத்துல வைங்க.

தீவுக்காத்து:
சேனல் தீவுகள் பத்தி யாரும் சொல்லலையே, நான் அந்த ஆளு. ஜெர்மன்காரங்க 1940 ஜூன் 30 கேர்ன்ஸி தீவுல வந்து இறங்கினாங்க, மறுநாள் ஜெர்சி தீவு, 1945 மே 9 வரைக்கும் அங்கதான். ரேஷன் புக் தீவு நிர்வாகத்து பேர்லதான் இருக்கும், மேல ஜெர்மன் கழுகு முத்திரையை எதிர்பார்த்து ஏமாறாதீங்க. 1944 ஜூன்ல நார்மண்டியில நேச நாடுகள் இறங்கினதும் பிரான்ஸ்லேருந்து வந்த சப்ளை அறுந்து போச்சு, டிசம்பர் 27 செஞ்சிலுவையோட வேகாங்கற கப்பல் கேர்ன்ஸிக்கு வந்து பார்சல் கொடுத்துச்சு, அதுக்கப்புறமும் 1945 தொடக்கத்துல கேர்ன்ஸியில சில வாரம் ரொட்டியே கிடையாது. அந்த மாசத்து ரொட்டிக் கூப்பன் கிடைச்சா விடாதீங்க. கூடவே ஜெர்சியோட ஆறு பென்ஸ் நோட்டு ஒண்ணு வாங்குங்க, எட்மண்ட் பிளாம்பீட்ங்கற ஓவியர் வரைஞ்சது, பின்பக்கம் ‘சிக்ஸ்’ல இருக்கிற எக்ஸ் எழுத்தைக் குறுக்கால மடிச்சா வெற்றிக்குறி ‘வி’ வரும், ஜெர்மன்காரன் மூக்குக்குக் கீழயே அது புழங்குச்சு.

நம்ம ஆளுங்க நிறைய பேர் அனுபவிச்சது மலாயா, சிங்கப்பூர்ல 1942லேருந்து 1945 வரைக்கும் நடந்த ஜப்பான் ஆட்சி, அதையும் யோசிங்க. பத்து டாலர்ல வாழைமரம் போட்ட நோட்டு சுலபமா கிடைக்கும், ரேஷன் கார்டுதான் அரிது. 1944ல சிங்கப்பூர்ல அரிசி ரேஷன் மாசத்துக்கு ஆம்பளைக்கு 8 கட்டி, பொம்பளைக்கு 6, குழந்தைக்கு 4ன்னு இறங்குச்சு, ஒரு கட்டி 600 கிராம் சொச்சம், மீதி வயித்துக்கு மரவள்ளிதான். இதைத் தமிழ்ல யாராச்சும் முறையா சேர்த்து ஆவணப்படுத்தணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

பழங்காகிதம்:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. முதல்ல ஹாலந்து ரெண்டாவது கார்டு, அப்புறம் மலாயா பக்கம் தேடுறேன். இன்னொரு கேள்வி, ‘ஜே’ முத்திரை குத்தின ஜெர்மன் ரேஷன் கார்டு ஒண்ணு ஏலத்துல வந்திருக்கு, மத்ததைவிட விலை எக்கச்சக்கம், வாங்கலாமா?

ஈயஎழுத்து:
இப்ப வேண்டாம். ஜெர்மனியில யூதர்களோட கார்டுல அந்த எழுத்து இருந்தது உண்மை, ஆனா சாதாரண கார்டுல ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தி விலையை ஏத்துறது ரொம்ப சுலபம். ஸ்டாம்ப் மை பேப்பருக்குள்ள எப்படி இறங்கியிருக்குன்னு பார்த்துப் பழகின கண்ணு வேணும், யார் வீட்டுலேருந்து வந்துச்சுன்னு எழுத்துல ஆதாரமும் வேணும். யூதர்களை அடைச்சு வச்ச லோட்ஸ் கெட்டோ, தெரேசியன்ஸ்டாட் மாதிரி இடங்கள்ல உள்ளுக்குள்ள மட்டும் புழங்கின நோட்டு எல்லாத்துக்கும் இதே பிரச்சினைதான்.

நோட்டுப்பெட்டி:
நானும் அதேதான் சொல்வேன். 1941ல வார்சாவுல ஜெர்மன்காரனுக்கு 2613 கலோரி, போலந்துக்காரங்களுக்கு 699, யூதர்களுக்கு 184ன்னு ரேஷன் பிரிச்சாங்க, அந்தப் பேப்பரை விலை ஏறும்னு வாங்கி வைக்கிறது எனக்கு ஒப்பல. ஒரிஜினல்னு உறுதியா தெரிஞ்சா மியூசியத்துக்கு முதல்ல தகவல் சொல்லுங்க. எந்தக் கார்டா இருந்தாலும் போட்டோ போடும்போது பேரையும் விலாசத்தையும் மறைச்சுப் போடுங்க, அவங்க பேரப்புள்ளைங்க இன்னும் அதே வீட்டுல இருக்கலாம்.