சேலை மட்டும் கலர், மற்றது கருப்பு வெள்ளை: ஓரம் துடிக்குது, உதவி வேணும்

வணக்கம். வேலூர் கோட்டை அகழி ஓரம் மொபைலில் எடுத்த கல்யாண வீடியோ. பொண்ணு கட்டியிருக்கிற அரக்குச் சிவப்பு ஆரணிப் பட்டு மட்டும் கலரில் நிக்கணும், மற்றதெல்லாம் கருப்பு வெள்ளை. எடிட் செய்வது டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பில்.

செய்தது இது: முதல் நோடில் (ஒரு திருத்தம் உட்காரும் கட்டம்) குவாலிஃபையரால் (நிறத்தை வைத்துப் பகுதியைப் பிரிக்கும் கருவி) சேலைச் சிவப்பைத் தேர்வு. அதிலிருந்து அவுட்சைட் நோட் (தேர்வுக்கு வெளியே உள்ளதை மட்டும் மாற்றுவது) போட்டு, அங்கே சாச்சுரேஷன் (நிறச் செறிவு) 50-லிருந்து 0. உதடு, குங்குமம், மருதாணிக் கை எல்லாம் கூடவே சிவப்பாக வந்ததால், சேலையைச் சுற்றி ஒரு பவர் விண்டோ (தேர்வை ஒரு வடிவத்துக்குள் அடைப்பது) போட்டு, அது சேலையோடு நகரும்படி டிராக் செய்தாச்சு. அதுவரை சரி.

சிக்கல் இரண்டு. ஒன்று, சேலை ஓரம் ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிக்குது. ஃபைல் 8 பிட், 4:2:0 (நிறத் தகவலைக் குறைத்துச் சேமிக்கும் முறை). நாலு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்தான், ஓரம் படிக்கட்டாவது அதனால்தான். தேர்வின் ஓரத்தை மங்கலாக்கும் பிளர் ரேடியஸ் கூட்டினால் துடிப்பு அடங்குது, ஆனால் சிவப்பு கைமேல் கசியுது. நாய்ஸ் ரிடக்‌ஷன், ஆளைத் தானே பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க் இரண்டுமே காசு கட்டும் ஸ்டூடியோ பதிப்பில்தான். (நடுவில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கேற்ப மொபைல் தானே நிறத்தைச் சரிசெய்வது) மாறியிருக்கு, அங்கே கிளிப்பை வெட்டி, தேர்வைத் தனியாக எடுத்தாச்சு.)

இரண்டு, மாப்பிள்ளை கை சேலைக்குக் குறுக்கே போகும்போது டிராக்கர் கையோடு போயிடுது. ஃபிரேம் மோடில் விண்டோவை நாமே நகர்த்தி, அந்த இடத்தைக் குறிக்கும் கீஃபிரேம் வைப்பதைத் தவிர வழி உண்டா? கைக்குத் தனி விண்டோ போட்டுக் கழித்துப் பார்த்தவங்க இருந்தா, சாஃப்ட்னஸ் (விண்டோ ஓரத்தின் மென்மை) எவ்வளவு வச்சீங்கன்னு சொல்லுங்க.