ஆடிக் காற்றில் தோப்பில் விழுந்த கடல் பறவை

பொள்ளாச்சித் தோப்பு:
நம்ம பக்கம் ஏது கடல் பறவை என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வருஷம் ஆடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ராத்திரி முழுக்க மட்டைகளைப் பிய்த்துப் போட்ட மறுநாள் காலை, தேங்காய் பொறுக்க வந்த அக்கா "ஏனுங்க, இங்க வந்து பாருங்க, காக்காயும் இல்லீங்க, கொக்கும் இல்லீங்க" என்று கூப்பிட்டார். ஓலைக்கு அடியில் கிடந்தது. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, நெற்றியில் வெள்ளைத் தீற்றல், பிளந்த வால். போட்டோ அனுப்பியதும் கோவையில் பறவை பார்க்கும் நண்பர் சூட்டி டெர்ன் என்றார். ஆலா இனம்தான், ஆனால் நம் ஏரிகளுக்கு வருகிற மீசை ஆலா இல்லை, நடுக்கடலில் வாழ்வது. கூட்டை விட்டுக் கிளம்பினால் வருஷக்கணக்கில் தரையை மிதிக்காதாம், இறகு நனைந்துவிடும் என்பதால் தண்ணீரிலும் அதிக நேரம் உட்காராதாம். அது கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி என் தோப்பில் கிடக்கிறது.

கையில் எடுத்தால் எடையே இல்லை. மார்பெலும்பு கத்தி மாதிரி விரலில் தட்டியது. அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்தோம், மறுநாள் விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

கடலில் மீனே இல்லை போலிருக்கிறது என்று நான் சொன்னதற்கு நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. புயல் காற்றில் சிக்கி நாலு நாள் இரை எடுக்காமல் இருந்தாலே இப்படி மெலியும், ஒற்றைப் பறவையை வைத்துக் கடலைப் பற்றிப் பேச முடியாது என்றார். ஆயிரக்கணக்கில் இப்படி ஒதுங்கினால்தான் கடலில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். 2015-16ல் வடபசிபிக் கடல் சூடேறியபோது காமன் மர் என்ற கடல் பறவைகள் செத்தும் சாகக் கிடந்தும் கரையில் எண்ணியவை மட்டும் 62,000, எல்லாம் கொழுப்பே இல்லாத உடம்பு. வெந்நீரில் சின்ன மீன்கள் குறைந்தன, இருந்ததிலும் சத்தில்லை. அலாஸ்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் செத்திருக்கும், அங்கிருந்ததில் ஏறக்குறைய பாதி, என்று 2024ல் கணக்குச் சொன்னார்கள். படித்ததிலிருந்து அந்த மார்பெலும்பு விரலிலேயே நிற்கிறது.

நாமக்கல் பண்ணை:
அண்ணா, உங்கள் நண்பர் சொன்னது ரொம்பச் சரி. எங்களுடையது முட்டைக்கோழிப் பண்ணை. ஓடு மெலிசாக வந்தால் தீவனத்தில் கிளிஞ்சல் குறைந்ததா, வெயிலா, நோயா என்று தேடுவோம். ஒரு முட்டை உடைந்தால் விட்டுவிடுவோம், ட்ரே ட்ரேயாக உடைந்தால் ராத்திரி தூக்கம் வராது. அதனால்தான் கலிபோர்னியா பெலிக்கன் கதையைப் படித்தபோது மனசு கேட்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் டிடிடி என்ற பூச்சிமருந்து செய்த ஆலையின் கழிவு சாக்கடை வழியாகக் கடலுக்குப் போனது, அங்கே நெத்திலிக்குள் போனது, நெத்திலியைத் தின்ற பெலிக்கனுக்கு ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவிடாமல் செய்தது. தாய் அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கிவிடும். 1970ல் அனகாபா தீவில் 500க்கும் மேற்பட்ட கூடுகள், பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு. கடல் தண்ணீரைப் பார்த்தால் நீலமாகத்தான் இருந்திருக்கும், முட்டைதான் காட்டிக்கொடுத்தது. 1972ல் அமெரிக்காவில் டிடிடியைத் தடை செய்தார்கள், பறவைகள் மெல்ல மெல்லத் திரும்பின.

திருப்பூர் அக்கா:
சாக்கடை வழியாகக் கடலுக்கு என்று தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு நொய்யல்தான் ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஓடையில் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்கு நிறுத்திய தண்ணீர் சாயக்கழிவாக நின்றது, கீழே இருந்த காடு தோட்டமெல்லாம் உப்பாகிப்போனது. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டு கழிவும் வெளியே விடக்கூடாது என்ற விதியைச் சரியாகப் பிடித்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்போது வேலை போனது, கஷ்டப்பட்டோம், இருந்தாலும் அந்த உத்தரவு தேவைப்பட்டது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நொய்யல் காவிரியில் சேர்கிறது, காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது. நமக்குக் கடல் இல்லை என்று சொல்லவே முடியாது.

இப்போது நஞ்சராயன் குளத்துக்குக் காலையில் நடக்கப் போகிறேன். 2022ல் சரணாலயம் ஆனது, 2024ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மார்கழியில் மீசை ஆலாக்கள் தண்ணீரைக் கிள்ளிக்கொண்டே பறக்கும். அவை எத்தனை என்று எண்ணி வைக்க நினைத்ததே இல்லை. இந்த வருஷம் எண்ணப் போகிறேன்.

பொள்ளாச்சித் தோப்பு:
கட்டாயம் எண்ணுங்கள் அக்கா, தேதியோடு. இங்கே நேற்று ராத்திரியிலிருந்து காற்று மறுபடி பிடித்திருக்கிறது. காலையில் அந்த அக்காவும் நானும் தோப்பை ஒரு சுற்று வந்தோம், மட்டைகள்தான் கிடந்தன. ஆனைமலை, உடுமலைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இப்படி ஒரு பறவையைப் பார்த்தால் இடம், தேதி, மார்பில் சதை இருந்ததா என்பதை இங்கே எழுதுங்கள்.