079ஐ விட மனம் வராத நாங்கள்: சுவிஸ் கைத்தொலைபேசி அனுபவங்கள்

சூரிச்சிலிருந்து

சுவிஸில் முதல் கைத்தொலைபேசி எடுத்த கதையையும், கம்பனி மாறிய கதையையும், மாறாமல் இருந்த கதையையும் இங்கே சேர்த்து வைப்போம். நானே தொடங்குகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

1991இல் வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். அப்போது ‘நட்டேல்’ என்றால் முதலாளிமாரின் சாமான். காரில் பூட்டும் தொலைபேசிக்கு 1978இல் வைத்த பெயர் அது. ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் வலையமைப்பு 1993இல் வந்த பிறகும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கடிதம் கொண்டுவருவதும் அரசின் பிடிடி, தொலைபேசி தருவதும் பிடிடி. விலை கூட என்று கோபித்துக்கொண்டு போவதற்கு வேறு கடை இல்லை.

1998 ஜனவரி 1ஆம் திகதி சந்தையைத் திறந்துவிட்டார்கள். பிடிடியின் தொலைபேசிப் பக்கம் அதற்குச் சற்று முன்னரே சுவிஸ்கொம் என்று பெயர் மாறியிருந்தது. அந்த வருடக் கடைசியில் டியக்ஸ் வந்தது, 1999இல் ஒறேஞ் வந்தது. 079 சுவிஸ்கொம், 076 டியக்ஸ், 078 ஒறேஞ். இலக்கத்தைப் பார்த்தாலே ஆள் எந்தக் கம்பனி என்று சொல்லிவிடலாம். ஒரு பிராங்குக்கு ஃபோன், அதற்கு 24 மாத ஒப்பந்தம் என்று எங்கே பார்த்தாலும் விளம்பரம். நானும் அப்படித்தான் ஒரு நொக்கியா 5110 எடுத்தேன். கையொப்பம் வைக்கும்போது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருந்தது என்று கேட்கிற அளவுக்கு அப்போது எனக்கு ஜெர்மன் இல்லை.

அம்மா அந்த நேரம் கொழும்பில் ஒரு லொட்ஜில் நின்றார். என்னுடைய 079 இலக்கத்தை லொட்ஜ்காரரின் கொப்பியில் எழுதுவித்து, தானும் ஒரு துண்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்திருந்தார். பிறகு ஊருக்குப் போனபோதும் அதே துண்டுதான். மடித்து மடித்துக் கடைசி இரண்டு இலக்கமும் அழிந்து, மேலே பேனையால் திருப்பி எழுதியிருந்தார். கம்பனியை மாற்றினால் இலக்கம் போய்விடும், இலக்கம் போனால் அம்மா என்னைத் தேடி எங்கே எடுப்பார்? அந்த ஒரு பயத்தில் மற்றக் கம்பனிகளின் விலையை நான் எட்டியும் பார்க்கவில்லை.

இலக்கத்தைக் கையோடு கொண்டுபோகலாம் என்பது 2000ஆம் ஆண்டே நடைமுறைக்கு வந்துவிட்டது. எனக்கு அது 2008இல்தான் தெரியும். எட்டு வருடம்! போட்டி வந்தால் விலை இறங்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். இறங்கியது உண்மைதான். ஆனால் இந்த நாட்டில் அது கேட்டுப் போனவனுக்குத்தான் இறங்கியது. வீட்டில் இருந்தவனுக்குப் பழைய விலையிலேயே மாதாமாதம் பில் வந்தது.

2004இல் இருந்து சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்க்கடையில் நின்றேன். அந்த வருடம் ஓகஸ்ட்டில் முற்பணம் கட்டிப் பேசும் சிம் காட்டுகளையும் பெயர் பதிந்துதான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மரக்கறிப் பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் நின்று சனத்தின் அடையாள அட்டையைப் பிரதி எடுப்பேன். ரீசார்ஜ் காட்டை வாங்கிய கையோடு அங்கேயே ஐந்து ரப்பன் காசால் சுரண்டுவார்கள். மாலையில் கடை மேசையைத் துடைத்தால் துணி முழுக்கச் சாம்பல் நிறத் தூள். ஒரு அக்கா சுரண்டிய இலக்கத்தை வாய்விட்டு வாசிக்க, பின்னால் வரிசையில் நிற்கிற பொடியன் அவருடைய ஃபோனில் அழுத்திக் கொடுப்பான். பிறகு லெபாரா, லைக்கா சிம்கள் வந்தன. இரண்டையும் தொடங்கியவர்கள் ஈழத்தமிழர்கள் என்பது எங்களுக்கு எவ்வளவு பெருமை! சொந்தமாக ஒரு அன்டெனாவும் இல்லாமல், பெரிய கம்பனியின் வலையமைப்பில் நேரத்தை மொத்தமாக வாங்கி, ஊருக்கு எடுக்கும் கோலை மலிவாக விற்றார்கள். நான் பார்த்த அளவில் எங்கள் சனத்துக்குப் போட்டி என்ற ஒன்று அந்தக் கடை மேசையில்தான் வந்து சேர்ந்தது.

டாவோஸ் பக்கமிருந்து

அண்ணா, உங்கள் எட்டு வருடக் கணக்கைப் பார்த்து மனம் வருந்தியது. ஆனால் நான் தெரிந்துகொண்டேதான் 079இல் இருந்தேன். ஹோட்டல் குசினியில் வேலை, இரவு பதினொரு மணிக்கு மேல் கடைசி பஸ். மலிவு என்று ஒரு தடவை வேறு கம்பனிக்கு மாறினேன். பள்ளத்தாக்கின் வளைவு திரும்பினால் சிக்னல் கிடையாது. பனிக்காலத்தில் பஸ் நின்றுபோன ஒரு இரவு வீட்டுக்குச் சொல்ல வழியில்லாமல் முக்கால் மணி நேரம் நடந்தேன். அடுத்த மாதமே திரும்பிவிட்டேன்.

இங்கே புதிதாக ஒரு அன்டெனா போடுவது லேசான வேலை இல்லை. வீடு, பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் ஒரு அன்டெனாவின் கதிர்வீச்சு அனைத்துலகப் பரிந்துரையைவிடப் பத்து மடங்கு குறைவாக இருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம். ஊர்ச் சனமும் ஆட்சேபணை எழுதும். பிந்தி வந்தவர்களுக்கு இந்த மலைநாட்டில் அது பெரிய பாரம். சுவிஸ்கொம் இன்றைக்கும் சந்தையில் பாதிக்கு மேல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பேர்ணிலிருந்து

நான் இங்கே பிறந்தவள். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பன்னிரண்டு வயதிலிருந்து நான்தான் வாசித்தேன். அப்பா ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் காசு கட்டுவதை நிறுத்தினார். அது தானாகவே இன்னொரு வருடம் நீண்டிருந்தது. (கம்பனியின் பெயர் வேண்டாம்.) மூன்று நினைவூட்டல் கடிதங்களை அப்பா விளம்பரம் என்று நினைத்து லாச்சிக்குள் வைத்துவிட்டார். பிறகு பெத்றைபுங், அதாவது கடன் அறவிடும் அறிவித்தல் வந்தது.

இங்கே இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். கடன் அறவிடும் அலுவலகத்தில் பெயர் ஏறிவிட்டால் வீடு வாடகைக்கு எடுப்பது பெரிய கஷ்டம், வீட்டுக்காரர் முதலில் கேட்பதே அந்தப் பதிவேட்டின் பிரதியைத்தான். இருநூறு சொச்சம் பிராங் தொலைபேசிக் காசுக்காக நாங்கள் ஐந்து பேரும் இரண்டு அறை வீட்டில் மேலும் இரண்டு வருடம் இருந்தோம். அப்பா அதன்பிறகு ஒப்பந்தமே எடுக்கவில்லை, முற்பணக் காட்டுத்தான்.

2010இல் சன்றைஸ் கம்பனியும் ஒறேஞ்சும் ஒன்று சேர முயன்றபோது போட்டி ஆணையம் தடுத்தது நினைவிருக்கிறதா? டியக்ஸ் ஏற்கெனவே சன்றைஸுக்குள் போயிருந்தது. அதுவும் நடந்திருந்தால் நாட்டுக்கே இரண்டு கம்பனிதான். தடுத்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். பிறகு 2015இல் ஒறேஞ் பெயர் மாறி சோல்ட் ஆனது, சண்டை தொடர்ந்தது.

பாசலிலிருந்து

என்னுடையது சின்னக் கதை. எட்டாம் இலக்க ட்ராமில் எல்லை தாண்டி ஜெர்மனியின் வைல் நகருக்குச் சாமான் வாங்கப் போனோம். மகன் என் ஃபோனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு வந்தான். அந்த மாத பில்லில் 140 பிராங் கூட. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017இல் ரோமிங் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் சுவிஸ் அதற்குள் இல்லை. எல்லையோரம் இருப்பவர்கள் ட்ராமில் ஏறும்போதே ரோமிங்கை நிறுத்திவிடுங்கள்.

சூரிச்சிலிருந்து மறுபடியும்

தங்கச்சி, இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் என்று வாசித்தபோது உங்கள் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். எத்தனை வீட்டில் இதே கதை!

டாவோஸ் தம்பிக்கு ஒரு விஷயம். சிக்னலுக்காக முழு விலை கட்ட வேண்டியதில்லை. மிக்ரோ பல்பொருள் அங்காடியின் எம்-பட்ஜெட் சிம் 2005இல் சுவிஸ்கொம் வலையமைப்பில்தான் தொடங்கியது. விங்கோ என்ற மலிவுப் பெயரும் சுவிஸ்கொம்முடையதுதான். யல்லோ சன்றைஸுடையது. பெயரும் விலையும்தான் வேறு. உங்கள் மலையில் எடுக்குமா என்று ஒரு முற்பணக் காட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாறுவதென்றால் பழைய கம்பனிக்கு நீங்களாக ரத்துக் கடிதம் எழுத வேண்டாம். முந்திக்கொண்டு ரத்துச் செய்தால் இலக்கம் போய்விடக்கூடும். புதிய கம்பனியிடம் ‘இலக்கத்தைக் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லுங்கள், பழையதை அவர்களே ரத்துச் செய்வார்கள். ஒப்பந்தம் முடியும் திகதியை மட்டும் முதலே கேட்டு வையுங்கள். 2008இல் நானும் அப்படித்தான் மாறினேன். மாறிய அன்று பின்னேரம் அம்மா எடுத்தார், அதே 079க்கு.