சீனியாமோட்டையில் இறங்கியவர்கள்

போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த, வவுனியா மாவட்டம் செட்டிகுளத்து மனிக்பாம் முகாம் 2012 செப்டம்பர் 24 அன்று மூடப்பட்ட வேளையில், அங்கிருந்து கடைசியாக வெளியேறிய, முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு மக்களை எதிர்கொள்ளச் சென்றவர்களில் நானும் ஒருவன். நாங்களும் அதே முகாமில், இராமநாதன் வலயத்தில், இருந்துவிட்டு முன்னதாகவே வற்றாப்பளைக்குத் திரும்பியவர்கள்தாம். ஒரு காலத்தில் ஏறத்தாழ 2,25,000 பேர் அடைபட்டிருந்த அந்த வெளியில், தண்ணீர் வரிசையில் நின்று பழகிய முகங்கள் சில வருவதாக அறிந்ததால், அயலவர்கள் சேர்ந்து ஒரு கிடாரம் சோறும் பருப்பும் சமைத்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனோம்.

போய்ச் சேர்ந்த இடம் கேப்பாப்புலவு அல்ல. அவர்களுடைய வீடுகளும் காணிகளும் படை முகாமின் வேலிக்குள் இருந்தமையால், சற்றுத் தள்ளிச் சீனியாமோட்டையில் காடு வெட்டித் துப்புரவாக்கிய நிலத்தில் அவர்களை இறக்கினார்கள். அதற்கும் மீள்குடியேற்றம் என்றே பெயர். (அந்தச் சொல்லில் உள்ள ‘மீள்’ எங்கே போனதென்று எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.) ‘ஊருக்கு வந்திட்டியள்’ என்று சொல்லி அழைக்கத்தான் எண்ணியிருந்தோம், இறங்கியவர்களின் முகத்தைப் பார்த்ததும் எவர் வாயிலும் அது வரவில்லை. சோற்றைப் பரிமாறினோம், தறப்பாள் கட்டத் தடி ஊன்றிக் கொடுத்தோம்.

எழுபது வயது மதிக்கத்தக்க ஆச்சி ஒருவர், பாய், வாளி ஆகியவற்றோடு, ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு முருங்கைக் கதியால்களையும் கொண்டுவந்திருந்தார். முகாமில் தம் கொட்டிலோரம் வளர்த்த மரத்தில் வெட்டியவையாம். நட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி, இது என்ர கிணத்தடியில வைக்கக் கொண்டந்தது. இஞ்ச வைச்சா இதுதான் என்ர வளவு எண்டு ஆகிப்போயிடும்” என்றவர், சிறிது நேரம் யோசித்துவிட்டு, “காய முதல் உன்ர வளவில வைச்சுவிடு, வந்து எடுக்கிறன்” என்று என்னிடமே தந்துவிட்டார். ஒன்று பட்டுப்போயிற்று, மற்றது தழைத்தது.

2017 மார்ச் 1 முதல் அம்மக்கள் தம் காணிகளைக் கேட்டுத் தொடர் போராட்டம் நடத்தியபோது, அங்கே ஆச்சியைக் கண்டேன். என் நலத்தை அல்ல, மரத்தைத்தான் முதலில் விசாரித்தார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் ஒரு பகுதிக் காணிகள் விடுவிக்கப்பட்டன. ஆச்சியின் வளவு அவற்றுள் இல்லை.

*

அன்று சீனியாமோட்டையில் எங்களைக் கொண்டுவந்து இறக்கிய பேருந்துகளில் ஒன்றில் அம்மாவோடு வந்தவள் நான். பருப்பில் உப்புச் சற்றுக் கூடுதல் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். ஆயினும் வரிசையில் நிற்காமல் வாங்கிய சோறு என்பதால் இரண்டாம் முறையும் கேட்டுச் சாப்பிட்டேன்.

என் அம்மா அந்த ஆச்சியைப் போன்றவர் அல்லர். மறுநாளே மிளகாய்க் கன்று நட்டார். அதற்காக அயலில் சிலர் அவரோடு கோபித்துக்கொண்டனர். பிள்ளைகளுக்குக் கறி வைக்க வேண்டாமா என்று மட்டும் கேட்டார். ஆனால் பின்னர் எழுந்த வீட்டுக்குக் கதவு போட அவர் சம்மதிக்கவில்லை. எங்கள் காணி விடுபட்ட 2017 டிசம்பர் வரை வாசலில் சாக்குத்தான் தொங்கியது.