9.30 மணிக்கே படுத்தும் உறக்கம் வருவதில்லை: எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுவது?

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 46. திருச்சியில் கணக்கராக இருக்கிறேன். ஏறத்தாழ ஓராண்டாக, இரவு 9.30 மணிக்கே படுத்தாலும் 12 மணிவரை புரண்டுகொண்டிருக்கிறேன். மூன்று மணிக்கு மறுபடியும் விழிப்பு வந்துவிட்டால், அலுவலகக் கணக்கெல்லாம் மனத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. விட்ட தூக்கத்தைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் 9 மணிவரை எழுவதில்லை. மாலை 6 மணிக்கு ஒரு காபி உண்டு. படுக்கையறைக்குள் கைப்பேசியைக் கொண்டுபோவதில்லை. வெதுவெதுப்பான பாலும் குடித்துப் பார்த்தாயிற்று. மாத்திரைக்குப் போகுமுன் எதை மாற்றலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, முதலில் மாற்ற வேண்டியது 9.30 மணிக்கே படுக்கும் வழக்கம்தான் என்பேன். நானும் ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்து ஆறு மணி நேரம் உறங்கியவன். விழித்தபடி கிடக்கும் நேரம் கூடக் கூட, படுக்கையைக் கண்டாலே விழித்துக்கொள்ள உடல் பழகிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு பூட்சின் 1972-இல் முன்வைத்த முறை இதைத்தான் திருத்துகிறது: கண்கள் செருகத் தொடங்கிய பிறகே படுக்க வேண்டும், உத்தேசமாக 20 நிமிடம் கழிந்தும் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் சென்று, மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டுமே திரும்ப வேண்டும், இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், பகலில் கண்ணயரக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் எண்ணாதீர்கள். அதுவே விழிப்பைக் கூட்டும். நள்ளிரவில் கூடத்தில் தனியே அமர்ந்திருந்த என்னைக் கண்டு என் மனைவி அலறிய கதையும் உண்டு. முதல் பத்து நாள்கள் பகலெல்லாம் அசதியாக இருந்தது. அந்த நாள்களில் வண்டி ஓட்டுவதைத் தவிர்த்தேன். மூன்றாம் வாரத்தில்தான் பலன் தெரிந்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த 6 மணிக் காபியை அப்படியே விட்டுவிட முடியாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து உறக்கத்தைத் தூண்டுகிறது; காபியிலுள்ள கஃபீன், அது போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகளை மறித்துக்கொள்கிறது. உடலில் கஃபீனின் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், இரவு 11 மணிக்கும் உங்களுக்குள் அரைக் காபி மிச்சம் இருக்கிறது. இரண்டாம் டிகாக்ஷன்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வதிலும் பயனில்லை. நண்பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுந்தவுடன் மொட்டைமாடியில் சிறிது நேரம் நடங்கள். உடலின் கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பது காலை வெளிச்சமே.

மறுமொழி 3:
குறட்டை உண்டா என்று வீட்டாரிடம் கேளுங்கள். என் கணவருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று, திணறித் திணறி விழிப்பு வரும். அது பழக்கத்தால் தீரும் கோளாறு அன்று, மருத்துவர்தான் பார்க்க வேண்டியிருந்தது. அப்படி இல்லையென்றாலும், வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதம் இப்படி நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. உங்களுக்கு ஓராண்டு ஆகிறது. முதல் மறுமொழியில் உள்ள முறையை உள்ளடக்கிய உளவியல் சிகிச்சையையே மாத்திரைக்கு முன்னதாகப் பரிந்துரைக்கிறது அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் சங்கத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டல்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. குறட்டையோ மூச்சுத் திணறலோ இல்லை என்று வீட்டில் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆயினும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுகிறேன். நாளை முதல், ஞாயிறு உட்பட, 5.30 மணிக்கு எழுவது என்றும் 11 மணிக்கு முன் படுப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். அதுவரை விழித்திருந்து என்ன செய்வது என்பதுதான் இப்போதைய கவலை.

மறுமொழி 1:
துணி மடித்து வையுங்கள், ஐயா. எங்கள் வீட்டில் அந்த வேலை இன்றும் என்னுடையதே.