வியட்நாம் செல்ல மார்ச் இறுதி ஏற்றதா?

அனைவருக்கும் வணக்கம். பெற்றோருடன் வியட்நாமை வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே பயணமாகப் பார்க்க விரும்புகிறேன். தெற்கே ஹோ சி மின் நகரிலும் மீகாங் கழிமுகத்திலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு என்றாலும், ஜனவரியில் ஹனோயில் குளிரும் சாப்பா மலைப்பகுதியில் அடர்ந்த மூடுபனியும் இருக்கும். நடுப்பகுதியிலுள்ள ஹோய் ஆன், ஹுவே ஆகிய ஊர்களில் அக்டோபர், நவம்பரில் பெருமழையும் வெள்ளமும் வருவதுண்டு என்பதால் அம்மாதங்களை விலக்கிவிட்டேன். சம்பா மன்னர்கள் எழுப்பிய மீ சன் சிவன் கோயில்களை அப்பா நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். மார்ச் இறுதி மூன்று பகுதிகளுக்கும் ஓரளவு பொருந்துவதாகத் தோன்றுகிறது. அப்போது ஹா லாங் விரிகுடாவில் பனிமூட்டமும் தூறலும் படகுப் பயணத்தைக் கெடுக்குமா, தெற்கின் வெயிலை எழுபது வயதைக் கடந்தவர்கள் தாங்குவார்களா என்பதை, அந்த மாதத்தில் சென்றுவந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.